ஸ்லைடரை நகர்த்தினால் பழைய வளைகோடு அழியாமல் நிற்கிறது (ஜாவா ஸ்விங்)

கேள்வி – அலைவரிசை:
வணக்கம். லிசாஜூ வளைகோடுகளை (செங்குத்தான இரு சைன் அலைவுகள் சேர்ந்து உருவாக்கும் வடிவங்களை) வரைந்து காட்டும் சிறு நிரல் ஒன்றை, ஜாவாவின் சாளர இடைமுக நூலகமான ஸ்விங்கில் எழுதி வருகிறேன். இரண்டு அதிர்வெண்களுக்கும் கட்ட வேறுபாட்டுக்குமாக (ஃபேஸ்) மூன்று ஸ்லைடர்கள் உள்ளன. ஏதேனும் ஒன்று நகரும்போதெல்லாம் ஸ்டேட்சேஞ்ட் முறைக்குள் பேனலில் வரைவதற்கான பொருளைத் தரும் கெட்கிராஃபிக்ஸை அழைத்து, 20,000 புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிறேன். படம் வருகிறது, ஆனால் முந்தைய வளைகோட்டின் மேலேயே புதியது விழுகிறது, சாளரத்தின் அளவை மாற்றினாலோ எல்லாமே மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் வெள்ளைச் செவ்வகத்தை நிரப்பிப் பார்த்தேன், படம் மினுக்குகிறது.

மறுமொழி – பழையஜாவா:
கெட்கிராஃபிக்ஸ் தரும் பொருளைக்கொண்டு வரைவதை ஸ்விங் நினைவில் வைத்துக்கொள்வதில்லை; அடுத்த முறை அந்தப் பேனலை அதுவாகவே தீட்டும்போது, பெயின்ட்காம்பொனென்ட் முறைக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டுமே திரைக்கு வரும். ஆகவே ஜேபேனலை விரிவாக்கி ஒரு வகுப்பு எழுதி, அதிர்வெண்களையும் கட்ட வேறுபாட்டையும் அதன் மாறிகளாக வையுங்கள். ஸ்லைடர் நகரும்போது அந்த மாறிகளை மாற்றிவிட்டு, மறுபடி தீட்டக் கோரும் ரீபெயின்ட்டை அழைத்தால் போதும், வரையும் வேலை முழுவதும் பெயின்ட்காம்பொனென்ட்டுக்குள் இருக்கட்டும். ஸ்விங் இயல்பாகவே இரட்டைத் தாங்ககத்தில் (முதலில் நினைவகத்தில் வரைந்து, பிறகு மொத்தமாகத் திரைக்கு மாற்றும் முறையில்) வரைவதால் மினுக்கலும் நின்றுவிடும்.

அலைவரிசை:
மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. அளவை மாற்றினாலும் படம் நிற்கிறது. ஆனால் பழைய கோடுகள் இன்னும் போகவில்லை. விசித்திரமாக, பேனலின் மேல் மூலையில் ஸ்லைடரின் நிழல் போன்ற ஒன்றும் தெரிகிறது.

பழையஜாவா:
பெயின்ட்காம்பொனென்ட்டின் முதல் வரியில் சூப்பர் வகுப்பின் (தாய் வகுப்பான ஜேபேனலின்) அதே முறையை அழைக்கவில்லை என்று ஊகிக்கிறேன். பின்னணியை நிரப்புவது அந்த அழைப்புத்தான். அது இல்லாவிட்டால், பிற உறுப்புகளும் பகிர்ந்துகொள்ளும் தாங்ககத்தில் முன்பு கிடந்த எச்சங்கள் அப்படியே வெளிப்படும். (இந்த நிழலைத் துரத்தி நானும் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன்.)

மறுமொழி – நுண்கோடு:
வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரீபெயின்ட் உடனே வரைவதில்லை, கோரிக்கையை வரிசையில் சேர்க்கிறது. அடுத்தடுத்து வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் ஒன்றாக இணைக்கப்படுவதால், ஸ்லைடரை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அழைப்புகளின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவசரப்பட்டு, காத்திராமல் அப்போதே வரையும் பெயின்ட்இமீடியட்லிக்கு மாறினால் இந்த நன்மை போய்விடும். உண்மையான சுமை அந்த 20,000 புள்ளிகள். 600 பிக்சல் அகலப் பேனலில், அதிர்வெண்கள் 1 முதல் 10 வரையிலான முழு எண்களாக இருந்தால், 2,000 புள்ளிகளே போதும். சைன் கணக்கை ஸ்லைடர் நகரும்போது மட்டும் செய்து, பாத்2டி (கோட்டுப் பாதை) பொருளாகச் சேமித்துவிட்டால், பெயின்ட்காம்பொனென்ட் அதை வரைந்தால் மட்டும் போதும். அதைத் தவிர, சாளரத்தின் அளவு மாறும்போதும் அந்தப் பாதையை மறுபடி கணக்கிடுங்கள். அப்படியும் தடங்கினால், கெட்வேல்யூஇஸ்அட்ஜஸ்டிங் உண்மை எனச் சொல்லும்வரை, அதாவது ஸ்லைடர் இன்னும் பிடியில் இருக்கும்வரை, 500 புள்ளிகளோடு வரைந்து, விட்டபின் முழுமையாக வரையலாம்.

அலைவரிசை:
நிழல் போய்விட்டது, விடுபட்டது அந்த ஒரு வரிதான். 500 புள்ளிகளில், அதிர்வெண் 10ஐ நெருங்கும்போது வளைவுகள் முறிந்து பலகோணம்போல் தெரிகின்றன. எனவே எப்போதும் 2,000 என்றே வைத்துவிட்டேன். இழுக்கும்போது தடங்கல் ஏதும் இல்லை.