அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது, டென்ஷன் (நூல் இறுக்கம்) மாற்றியும் சரியாகவில்லை

கேள்வி:
தையல் பழக ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஜிக்ஜாக் உள்ள வீட்டு உபயோக மிஷின், பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) முன்பக்கம் போடும் வகை. காட்டன் துணியில் நேர்த்தையல் போட்டால் மேல்பக்கம் ஓரளவு நன்றாக வருகிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்தாகக் கிடக்கிறது. நாலு அங்குலம் போவதற்குள் மிஷின் இறுகி நின்றுவிடுகிறது. சிக்கல் அடியில்தானே என்று பாபின் உட்காரும் கேஸின் திருகை இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை.

பதில் 1:
அந்தத் திருகை இனி தொடாதீங்க. அடியில் கொத்து விழுந்தால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். மேல்நூலுக்குப் பிடிப்பு இல்லையென்றால், மிஷினின் முன்பக்கம் ஏறி இறங்கி நூலை இழுக்கும் லீவர் மேலே ஏறும்போது அடியில் உள்ள சுற்றை இழுத்து இறுக்காது, நூல்கண்டிலிருந்து புது நூலை உருவிக்கொள்ளும். சுற்று அங்கேயே தங்கிவிடும். அதுதான் அந்தக் கொத்து.

ஊசியிலிருந்து நூலை எடுத்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்க. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பாதத்தைத் தூக்கி வைத்து நூலை இழுத்தால் லேசாக ஓடணும். பாதத்தை இறக்கி இழுத்தால் கெட்டியாக வரணும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நூல், அதை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காரவில்லை. பாதத்தை இறக்கி வைத்துக் கோர்ப்பதால் வருவது இது. அப்போது தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது.

நூலை நூல்கண்டு பக்கம் வெட்டி, ஊசி பக்கமாக உருவி எடுங்க. பின்னால் இழுத்தால் பஞ்சு தட்டுக்குள் தங்கிவிடும். வீலை உங்கள் பக்கமாகச் சுற்றி லீவரை உச்சிக்குக் கொண்டுவாங்க, பாதத்தைத் தூக்குங்க, பிறகு கோருங்க. லீவர் துளையில் நூல் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்க. டென்ஷன் எண் 4-இல் இருக்கட்டும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் 10 செ.மீ. பின்னால் விட்டு, முதல் மூன்று தையல் வரை பிடித்துக்கொள்ளுங்க.

இறுக்கிய திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவரணும். பாபினோடு கேஸை நூலில் தொங்கவிடுங்க. தானாக இறங்கக் கூடாது. லேசாக ஒரு உதறு உதறினால் இரண்டு மூன்று செ.மீ. இறங்கி நிற்கணும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீங்க.

கேட்டவர்:
பாதத்தை இறக்கினாலும் நூல் அப்படியே ஓடியது! மறுபடி கோர்த்ததும் கொத்து போய்விட்டது, மிக்க நன்றி. ஆனால் இப்போது நடுநடுவே தையல் தாண்டுகிறது. நேற்றுதான் புது ஊசி போட்டேன்.

பதில் 2:
ஊசியைக் கழற்றிப் பாருங்க. தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். உங்கள் வகை மிஷினில் அது பின்பக்கம் பார்க்கணும், நீளப் பள்ளம் உங்களைப் பார்க்கணும். நூல் முன்னிருந்து பின்னாகப் போகும்.

வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிக் கவனிங்க. ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மி.மீ. மேலே ஏறும்போது, காதுக்குப் பின்னால் நூல் சின்னதாகப் புடைத்து நிற்கும். அடியில் சுழலும் கொக்கியின் முனை அந்தப் புடைப்புக்குள் நுழைந்தால்தான் தையல் விழும். ஊசியைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தாலும், மேலே முட்டும்வரை ஏற்றாமல் திருகை இறுக்கியிருந்தாலும், கொக்கி அதைத் தவறவிடும்.

சாதாரண காட்டனுக்கு 80/12 அல்லது 90/14 ஊசி போதும். 90 என்றால் தண்டின் பருமன் 0.9 மி.மீ. இழுத்தால் நீளும் துணி என்றால் பால்பாயிண்ட் (முனை உருண்ட) ஊசி போடுங்க, இல்லாவிட்டால் தையல் தாண்டலாம். துணியைப் பின்னாலிருந்து இழுக்கவும் வேண்டாம். நகர்த்துவது துணிக்கு அடியில் உள்ள பல்லின் வேலை. இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் முட்டும். முட்டிய ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்க.

கேட்டவர்:
ஊசியின் தட்டைப் பக்கம் முன்னால்தான் இருந்தது. மாற்றியதும் தையல் வரிசையாக விழுகிறது. கடைசியாக ஒன்று: துணியின் ஓரத்தில் தொடங்கினால் ஓரம் ஊசி இறங்கும் ஓட்டைக்குள் போய்விடுகிறது.

பதில் 1:
ஓரத்திலேயே தொடங்காதீங்க. ஒரு செ.மீ. உள்ளே ஊசியை இறக்கி, ரிவர்ஸில் ஓரம்வரை வந்து, பிறகு முன்னே போங்க. மெல்லிய துணி என்றால் ஓரத்துக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணியை ஒட்டினாற்போல வைத்து, அதில் தைக்க ஆரம்பித்து அப்படியே உங்கள் துணிக்குள் வந்துவிடுங்க.