காயத்தில் இருக்கும் ஓட்ட வீராங்கனைக்குத் தமிழ் பேசும் விளையாட்டு உளவியலாளர் தேவை

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகள் தேசிய அளவில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடுபவள். முழங்காலில் ஏசிஎல் (மூட்டு எலும்புகளை இணைக்கும் நார்) அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதுமில்லை. "ஓடாம நான் இருந்து என்ன மாமா?" என்று கேட்டாள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே விசாரித்து, உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மருந்து தொடர்கிறது, எப்போதும் ஒருவர் கூடவே இருக்கிறோம். ராத்திரியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 கைகொடுத்தது. இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள்.

ஆனால் பயிற்சியாளர் "மனசைத் திடமா வச்சுக்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸே 2012 லண்டனுக்குப் பின் உயிரோடு இருக்க விருப்பமில்லாமல் இருந்ததை வெளிப்படையாகச் சொன்னவர். உதவி கேட்டு மீண்டார், 2016 ரியோவிலும் நீந்தினார். ஜெர்மனி கால்பந்து கோல்கீப்பர் ராபர்ட் என்கே தன் மனச்சோர்வை வெளியுலகுக்கு மறைத்தே ஆடினார். 2009இல் அவரை இழந்தோம். இவர்களுக்கா திடம் இல்லை?

சென்னையிலோ ஆன்லைனிலோ, விளையாட்டு வீரர்களோடு வேலை செய்த உளவியலாளர் யாரையாவது தெரியுமா? அப்புறம், ஏசிஎல் காயத்திலிருந்து மீண்ட வீராங்கனைகள் யாராவது அவளோடு கொஞ்சம் பேச முடியுமா? அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்பாக்ஸில் சொல்லுங்கள், எந்நேரமானாலும் பார்ப்பேன்.