தோள்பையோட 5 கிழமை யாழ்ப்பாணம்: தீவு, ஒடியல்கூழ், சொந்தக்காரர் வீடு

நெடும்பயணம்:
வணக்கம். நாங்கள் கனடாவில வளந்த புருசன் பெண்சாதி. தோள்பையோட சுத்துற நீண்ட பயணத்தின்ர கடைசி 5 கிழமையை யாழ்ப்பாணத்துக்கு ஒதுக்கியிருக்கிறம். ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் வந்து சேருவம். என்ர அம்மா வழி காரைநகர், மனுசியின்ர அப்பா வழி நெடுந்தீவு. நாலு விசயம் தெரிய வேணும். தீவுகளுக்குப் போய்வாறது எப்பிடி? பனங்கிழங்கு மாவில காய்ச்சிற ஒடியல்கூழை உங்க நிண்டே ஒழுங்காய்ப் பழக, என்ன சாமான், என்ன அளவு? சொந்தக்காரரின்ர மனம் நோகாமல் எங்க தங்கிறது? அப்பப்பாவின்ர வளவை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பனங்கூடல்:
முதலில கணக்கைப் பாருங்கோ. 5 கிழமை எண்டால் 35 நாள். சுற்றுலா விசா முதலில 30 நாளுக்குத்தான் கிடைக்கும். முடியிறதுக்கு முதலே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில நீட்டிப்புக்குப் போடுங்கோ. கடைசி நாள் மட்டும் வைச்சிருந்தால் பாதிப் பயணம் அந்தத் தலையிடியிலதான் போகும்.

அடுத்தது பஞ்சாங்கம். இதைப் பாக்காமல் திட்டம் போட்டால் சாப்பாடும் பிழைக்கும், சொந்தமும் பிழைக்கும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேத்தம், அதில இருந்து 25 நாள் திருவிழா. அந்த நாள்களில கன வீடுகளில மீன் இறைச்சி அடுப்பில ஏறாது. மச்சக்கூழ் பழக வேணுமெண்டால் கொடியேத்தத்துக்கு முதல் பழகி முடியுங்கோ. தப்பினால் நெடுந்தீவில கத்தோலிக்கக் குடும்பங்களிட்டைத்தான் கேக்க வேணும். நல்லூருக்குள்ள ஆம்பிளையள் மேற்சட்டை கழட்ட வேணும், ஒரு வேட்டி பையில இருக்கட்டும்.

நெடுந்தீவுக்கு: யாழ்ப்பாண பஸ் நிலையத்தில 776 எடுத்தால் பண்ணைப்பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கயிருந்து படகில ஒரு மணித்தியாலமளவில. நயினாதீவுப் படகும் அதே துறையிலதான் நிக்கும், ஏற முதல் கேட்டுப்போட்டு ஏறுங்கோ. நெடுந்தீவுப் படகு ஒரு நாளைக்குக் கொஞ்சத் தடவைதான் ஓடும், நேரமும் மாறும். திரும்பிற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டதைப் போய் இறங்கின உடனேயே அந்தத் துறையில விசாரியுங்கோ. உங்களுக்குச் சொந்தம் இருக்கிறபடியால் ஒரு இரவாவது நில்லுங்கோ. பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ. படகு நெருக்கம், கடல் தண்ணி தெறிக்கும். சின்னப் பைக்குள்ள ஒரு பொலித்தீன் பையைப் போட்டு அதுக்குள்ள உடுப்பை வையுங்கோ.

காரைநகருக்கு சைக்கிள் திறம், யாழ்ப்பாணம் முழுக்கச் சமதரைதானே. பண்ணைப்பாலத்தால ஊர்காவற்றுறை, அங்க மிதவைப்பாதையில சைக்கிளோட ஏறினால் எதிர்க்கரை காரைநகர். திரும்பேக்க பொன்னாலைப் பாலத்தால வட்டுக்கோட்டை. இந்தத் திசையை மாத்தாதேங்கோ. உந்த மாசங்களில சோளகம், அதுதான் தென்மேல் காத்து, அடிக்கும், வெயில் ஏற ஏறக் காத்தும் கூடும். பண்ணைப்பாலத்தைக் காலமை 7 மணிக்கு முதல் தாண்டினால் காத்து முகத்தில அடிக்கிறது குறைவு, பின்னேரம் அது உங்களை முதுகில தள்ளிக்கொண்டு வரும்.

கிணத்தடி:
கூழைப் பற்றி நான் சொல்லுறன் தம்பி. ஆடிப்பிறப்பண்டு போய் வெறுமனே "கூழ்" எண்டு கேட்டால் ஆடிக்கூழ்தான் வரும். அது அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி போட்ட இனிப்பு. நீங்கள் கேக்கிறது ஒடியல்கூழ்.

மா வாங்கேக்கதான் கன பேர் பிழை விடுறவை. பச்சைப் பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவிட்டால் ஒடியல், அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாதான். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சுத் தின்னத் திறம், கூழில அந்தப் பிடிப்பு வராது. கிழங்கு கிண்டிறது தை, மாசியில. அதால ஆடியில பச்சைக் கிழங்கு தேடி அலையாதேங்கோ, அந்த வருச மா கிடைக்கும்.

6 பேருக்கு 200 கிராம் மா. அதை ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சு அரை மணித்தியாலம் அசையாமல் விடுங்கோ. மா அடியில படியும், மேல மங்கலாய்த் தண்ணி நிக்கும். அதைச் சரிச்சு ஊத்திப்போட்டுத் திரும்பவும் ஒருக்கால் அப்பிடியே செய்யுங்கோ. கசப்பு அந்தத் தண்ணியோடதான் போகும். இதுக்குப் பஞ்சிப்பட்டால் நண்டு, இறால் எவ்வளவு போட்டும் பிரயோசனமில்லை.

பெரிய பானையில ரெண்டரை லீற்றர் தண்ணி. ஒரு கைபிடி அரிசி, 20 பலாக்கொட்டை, கால் கிலோ மரவள்ளி முதலில. மூடாமல் அவியுங்கோ. அரைவாசி அவிஞ்ச பிறகு பயத்தங்காய், துப்புரவாக்கி உடைச்ச நண்டு 4, அரைக் கிலோ முள்ளுக் குறைஞ்ச மீன், தலையும் சேர்த்து. இறால் கால் கிலோ கடைசியில, முந்திப் போட்டால் றப்பர். 15 செத்தல் மிளகாயை மஞ்சளோட அம்மியில பட்டாய் அரைச்சு, சின்னத் தேசிக்காயளவு பழப்புளிக் கரைசலில கலந்து ஊத்துங்கோ. புளி முந்தி விழுந்தால் பலாக்கொட்டையும் மரவள்ளியும் கல்லு மாதிரி நிண்டுபோம், அதுகள் நசியுதோ எண்டு பாத்த பிறகுதான் புளி.

பிறகு அடுப்பைக் குறைச்சு, கரைச்ச மாவை ஒரு கையால ஊத்தி மற்றக் கையால துழாவுங்கோ. கொதி தளதளவெண்டு நிக்கேக்க ஊத்தினால் கட்டிபடும். அகப்பையைத் தூக்கினால் கூழ் அறாமல் நூலாய் விழ வேணும். சொட்டுச் சொட்டாய் விழுந்தால் இன்னும் கொஞ்சம் துழாவுங்கோ. தொப்பெண்டு விழுந்தால் மா கூடிப்போச்சு, சுடுதண்ணி விடுங்கோ. ஆற ஆற இறுகும், அதால அடுப்பில கொஞ்சம் தண்ணிப்பதமாய் இருக்கேக்க இறக்குங்கோ. முருங்கையிலை இறக்கேக்க. பனையோலைப் பிளாவில ஊத்திக் குடியுங்கோ, கிண்ணத்தில குடிச்சால் அரைவாசி ருசிதான்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். மரவள்ளி சாப்பிட்ட அண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி கேக்காதேங்கோ. ரெண்டும் சேந்தால் நஞ்சு எண்டு வீட்டில ஒருத்தரும் தராயினம், அதோட ஒரு மணித்தியாலப் பிரசங்கமும் கிடைக்கும்.

நெடும்பயணம்:
நன்றி அக்கா. மாவைக் கனடாவுக்குக் கொண்டு போகலாமோ? அவுஸ்திரேலியாவில இருக்கிற மச்சாளும் கறித்தூளும் கருவாடும் கேக்கிறா.

கிணத்தடி:
மாவைக் கையில நெரிச்சுப் பாருங்கோ, கட்டிபட்டால் ஈரம் இருக்கு. ஒரு வெயில் காயவிட்டு, ரெண்டு பைக்குள்ள காத்துப் போகாமல் கட்டினால் போகும். எந்த நாடெண்டாலும் இறங்கேக்க சாப்பாட்டுச் சாமான் இருக்கெண்டு எழுதிக் குடுங்கோ. அவுஸ்திரேலியாவில எழுதாமல் பிடிபட்டால் அதிலயே தண்டம். மச்சாளுக்குக் கறித்தூளோட நிப்பாட்டுங்கோ.

உறுதிக்காரன்:
வளவு தேடுறதுக்கு ஆளின்ர பேர் மட்டும் காணாது. எங்கட ஊரில காணிக்கும் பேர் இருக்கு. பழைய உறுதியில, அதுதான் காணிப் பத்திரத்தில, காணிப்பேர், எத்தினை பரப்பு எத்தினை குழி, கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு எல்லையில ஆர் ஆரின்ர காணி எண்டெல்லாம் எழுதியிருக்கும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். உறுதி இலக்கமும், எழுதின நொத்தாரிசின்ர பேரும், வருசமும் இருந்தால் காணிப் பதிவகத்தில தேடலாம். ஒண்டுமில்லாட்டி வெளிக்கிட முதல் கனடாவில இருக்கிற கிழவன் கிழவியளிட்டைக் காணிப்பேரையும் பக்கத்து வளவுக்காரரின்ர பேரையும் எழுதி எடுங்கோ. ஊரில அந்த எல்லைப் பேரைச் சொன்னால்தான் சனம் கையைக் காட்டும்.

பிறப்புப் பதிவுப் பிரதிக்குப் பிரதேச செயலகம். பேர், திகதி, இடம், தாய் தகப்பன் பேர் வேணும். கனடாக் கடவுச்சீட்டில இருக்கிற எழுத்துக்கூட்டல் பதிவில இராது, தமிழில எழுதிக்கொண்டு போங்கோ.

காணி பாக்க வந்தனாங்கள் எண்டு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ! பங்கு கேக்க வந்திட்டினம் எண்டு ரெண்டு நாளில ஊர் முழுக்கக் கதை போயிடும். "அப்பப்பா இருந்த இடத்தில ஒரு படம் எடுக்க" எண்டு சொல்லுங்கோ, அந்தக் காணியில இப்ப இருக்கிற குடும்பத்திட்ட முதல் நாளே கேட்டுப்போட்டுப் போங்கோ. ஆளில்லாத வளவெண்டால் பத்தைக்குள்ள சுத்துக்கட்டு இல்லாத கிணறு இருக்கும், தடியால தட்டிப் பாக்காமல் கால் வைக்காதேங்கோ.

தங்கிறது: ஒரு வீட்டை அடிவீடாய் வைச்சு, வயதிலை மூத்த ஆளின்ர வீடெண்டால் நல்லம், பெரிய பைகளை அங்க விடுங்கோ. எந்தெந்த இரவு வரமாட்டியள் எண்டதை முதல் நாளே சொல்லுங்கோ, இல்லாட்டி பெரியம்மா சோத்தை மூடி வைச்சுப்போட்டுப் பத்து மணி மட்டும் முழிச்சிருப்பா. ஒரு நாளைக்கு ஒரு வீட்டில மட்டும் மத்தியானச் சாப்பாடு, மற்ற வீடுகளுக்குப் பின்னேரத் தேத்தண்ணிக்கு. செத்தவீடு நடந்து நீங்கள் வராமல் விட்ட வீடிருந்தால் முதலில அங்கதான் போக வேணும். கையில காசு நீட்டினால் கோவிப்பினம், காலமை சந்தைக்குப் போய் மீனையும் மரக்கறியையும் வாங்கிக் கொண்டந்து குசினியில வையுங்கோ.

ஆடி அமாவாசையண்டு தகப்பன் இல்லாதவை கீரிமலைக்கு வெளிக்கிடுவினம். அண்டைக்கு விருந்தாளியாய் ஒரு வீட்டுக்கும் போகாதேங்கோ. நீங்கள் நிக்கிற வீட்டில விரதமெண்டால் படைச்சு முடியும் மட்டும் பொறுங்கோ, காத்தோட்டிக்காய்ப் பொரியல் கிடைக்கும்.

பனங்கூடல்:
ஒரு சின்ன விசயம். தீவுப் பக்கம் கிணத்துத் தண்ணி உவர், சவர்க்காரம் நுரைக்காது. தோய்க்கிற உடுப்பை யாழ்ப்பாணத்து அடிவீட்டுக்கு விடுங்கோ. நெடுந்தீவுக்குப் போகேக்க குடிக்கிற தண்ணி ஆளுக்கு 3 லீற்றர் கொண்டு போங்கோ.