புதுப்பிப்பு: பெயின்ட் பில்லில் பாதி வெட்டின கார் இன்சூரன்ஸ் க்ளெய்ம், பாக்கி வந்துருச்சுங்க

பெருந்துறை ரோட்டில் முன்பக்கம் இடிபட்ட 1200 சிசி கார். பெயின்ட் பில் ரூ.16,000-இல் சர்வேயர் (இன்சூரன்ஸுக்காக சேதத்தை மதிப்பிடறவர்) சரிபாதியை வெட்டிட்டார், என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. ரூ.6,000 கணக்கில் ஏறிருச்சு.

வேலைக்கு ஆனது, பதில் சொன்னவங்கள்ல ஈரோட்டு அண்ணா ஒருத்தர் சொன்ன வழிதான். சாதாரண பாலிசியில் பெயின்டுக்கான 50% தேய்மானம் (பழசானதுக்காகக் கழிக்கறது) மெட்டீரியலுக்கு மட்டும், கூலிக்குக் கிடையாது. ஒர்க்‌ஷாப்காரர் ரெண்டையும் ஒரே வரியாப் போட்டுட்டா, மொத்தத்தில் 25% மெட்டீரியல்னு எடுக்கணும். ஆக மெட்டீரியல் 4,000, வெட்டு 2,000. இவங்க வெட்டினது 8,000.

போனில் பேசினா "பார்க்கறோம் சார்"தான். முதல்ல சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டு வாங்கினேன். அப்புறம் பாலிசியில் அந்தப் பத்தியைப் போட்டோ எடுத்து, இந்தக் கணக்கை நாலே வரியில் எழுதி, கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு மெயில். அதுக்கு மேல போக வேண்டி வரலை. கம்பெனிக்கு எழுதாம நேரா சென்னை ஆம்புட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கறவர்) போனா எடுக்க மாட்டாங்க. எழுதி ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோதான் அங்கே போகலாம். கட்டணம் இல்லை.

எதிர்பாராதது ஹெட்லைட். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லைங்கறது சரிதான், ஆனா இப்ப வர்ற ஹெட்லைட் மூடி பிளாஸ்டிக். பம்பர் மாதிரியே அதுக்கும் 50% போயிருச்சு, அந்த வெட்டு முறையானதுதான். 1500 சிசி வரைக்குமான கட்டாயப் பிடித்தம் (க்ளெய்மில் நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு) ரூ.1,000-மும் அப்படியேதான், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) போட்டிருந்தாலும் அது உண்டுங்க.