வெட்டுப்பலகைக்கு எந்த மரம்? நம் கரைப்பக்க அனுபவங்கள்

பாம்பன்:
உடைத்துப் போட்ட வள்ளத்திலிருந்து மச்சான் ஒரு பூவரசம் பலகை கொண்டுவந்தான். நல்ல கனம், வைரம் பாய்ந்தது. ஆசாரி இழைப்புளியைத் தொடவே இல்லை. ஆணித்துளைக்குள் உளிமுனையை விட்டு நெம்பினார். பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. துளையைச் சுற்றி மரம் நான்கு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. "இதில் மீன் அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா?" என்று பலகையை மச்சான் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறைதான். பெயிண்ட் அப்படியல்ல, சிப்பி ஒட்டாமலிருக்க வள்ளத்தின் அடிப்பக்கம் பூசுவதில் செம்பு கலந்திருக்கும். ஆசாரி சொன்னது சரிதான். ஆனாலும் அவ்வளவு நல்ல மரம், மனம் ஆறவில்லை.

தொண்டி:
வள்ளப் பலகைக்கு ஏன் ஏங்க வேண்டும்? நம் இராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம்தானே நிற்கிறது. கரிமூட்டத்துக்குப் போகவிருந்த அடித்தூர் ஒன்றை வாங்கி அறுக்கக் கொடுத்தேன். ஓரத்தில் வெளிறிய மஞ்சள், நடுவில் கருப்பட்டி நிறத்தில் வைரம். அறுத்தவர் வாளை நிறுத்திவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இதையா எரித்துக்கொண்டிருக்கிறோம்?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெளிறை, அதாவது அந்த ஓரத்து மஞ்சள் மரத்தை, முழுக்க நீக்கிவிடுங்கள், உளுத்துவிடும். நான் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

கீழக்கரை:
தம்பி, தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது மரத்தில் உலராது, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தடவலாம். ஆளிவிதை எண்ணெய் உலரும். ஆனால் பெயிண்ட் கடையில் கொதிக்கவைத்தது என்று விற்பதில் உலோக உப்பு சேர்ப்பார்கள், அது சமையலறைக்கு ஆகாது. எண்ணெய் தடவும் முன்னால் 80, 120, 220 எண் என்று சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பும், மறுபடி 220 போடுங்கள். இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு எண்ணெய் காட்டுங்கள், இல்லாவிட்டால் இந்த உப்புக்காற்றில் பலகை வளையும். கழுவியதும் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். தேக்குப் பக்கம் போகாதீர்கள், அதிலுள்ள மணல் போன்ற சிலிக்கா கத்தியை மழுங்கடிக்கும்.

என் அனுபவம் சிறியது. சந்தையில் மீன் வெட்டும் ஆச்சியிடம் குறுக்கே அறுத்த புளியங்கட்டை இருக்கிறது. கடை கட்டும்போது கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி, கல்லுப்பை அள்ளித் தேய்ப்பார். என் கண் எப்போதும் அந்தக் கையில்தான் நிற்கும்.

தேவிபட்டினம்:
அக்கா, எல்லா மரமும் உப்புத்தாளுக்கு அடங்காது. பழைய வீட்டுப் பனஞ்சட்டத்தில் அண்ணன் பலகை செய்தார். கறுப்பு நார் கடினம், இடையிலுள்ள சோறு என்கிற சதை மென்மை. தேய்க்கத் தேய்க்கச் சோறு இறங்கி நார் எழுந்து நின்றது. முதல் நாளே அம்மாவின் கட்டைவிரலில் சிராய் ஏறியது, ஊசியால் எடுத்தோம். உத்திரத்துக்குப் பனையை விட்டால் ஆளில்லை. காய் நறுக்க வேண்டாம்.