நடைக்கால்பந்தில் 'ரீஸ்டார்ட்': மறுதொடக்கமா, விடுகையா?

கும்பகோணத்திலிருந்து:

வணக்கம். ஓடாமல் நடந்தே ஆடும் நடைக்கால்பந்து விதிகளின் தமிழ் வரைவில் 'ரீஸ்டார்ட்' (நின்ற ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) வரும் இடமெல்லாம் 'மறுதொடக்கம்' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். கணினியை அணைத்துப் போடுவதற்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. கோல் கணக்கு அழிந்து ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கிளைச்சொற்களும் அதிலிருந்து பிறக்காது. 'பக்கக்கோட்டு மறுதொடக்கம்' என்று நடுவர் களத்தில் கூவ முடியுமா?

'உதை'யை அடிச்சொல்லாக வைக்கலாம் என்று மயிலாடுதுறை அண்ணன் எழுதியிருந்தார். வழக்கமான கால்பந்துக்கே அது முழுதாகப் பொருந்தாது. த்ரோ-இன் கையால் போடுவது. 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் பிறந்த இந்த நடை ஆட்டத்தில் கையும் காலும் இடம் மாறுகின்றன. பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் உள்ளே தருகிறார்கள், சில இடங்களில் கையால் உருட்டுகிறார்கள். கோல்காப்பாளர் பெரும்பாலும் கையைத் தாழ்த்தி உருட்டித்தான் தருகிறார். நடுவர் பந்தைக் கீழே போடுவது தனி வகை.

கை, கால், நடுவர் மூவருக்கும் பொருந்தும் வினை 'விடு'. மேட்டூர் திறந்தால் "தண்ணி விட்டாச்சு" என்றுதானே சொல்கிறோம்? நின்றது மறுபடி ஓடுகிறது. ஆறும் வாய்க்காலும் பழையவைதான். ஆகவே 'விடுகை' என்று வைப்போம். நடுவிடுகை (கிக்-ஆஃப்), ஓரவிடுகை (பக்கக்கோட்டிலிருந்து), மூலைவிடுகை (கார்னர்), கோல்விடுகை (கோல்காப்பாளர் தருவது), நடுவர்விடுகை (நடுவர் போடுவது), தண்டவிடுகை (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக்) என்று வரிசையாகக் கிளைக்கும்.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, விடுகை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று தடைகள். கோல்காப்பாளர் கோட்டைவிட்டால் "பந்தை விட்டுட்டான்" என்கிறோம். அதே வினை இங்கே வந்தால் குழப்பம் வராதா? அடுத்து, நடுவிடுகையையும் நடுவர்விடுகையையும் இரைச்சலில் பிரித்துக் கேட்க முடியாது. மூன்றாவது, 'தண்டம்' என்றால் நம் ஊரில் வீண். ஃப்ரீ கிக் கிடைத்தவர் வீணாகப் போனதாக நினைப்பார்.

கும்பகோணத்திலிருந்து:

முதல் தடை பெரிதில்லை. "விட்டுட்டான்" வினைமுற்று, 'விடுகை' எப்போதும் இடத்தையோ காரணத்தையோ முன்னால் சேர்த்துத்தான் வரும். மற்ற இரண்டையும் ஏற்கிறேன். நடுவர் போடும் பந்து தரையைத் தொட்ட கணமே ஆட்டத்துக்குள் வருகிறது. கால்பந்தின் எட்டாம் விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆக 'தரைவிடுகை' என்போம். தண்டத்துக்குப் பதில், இழந்ததை ஈடுகட்டுவதால், 'ஈட்டுவிடுகை'.

நடைக்கால்பந்தில் பெனால்டி தவிர எல்லா ஃப்ரீ கிக்கும் 'இன்டைரக்ட்'. 'மறைமுக' என்றால் ஒளித்துச் செய்வதுபோல் இருக்கிறது. விட்டவர் தவிர இன்னொருவர் தொட்ட பிறகே கோல் செல்லும் என்பதால் 'இருவர்தொடு' என்று வைத்தால் விதியே சொல்லுக்குள் இருக்கும். யாரும் தொடாமல் எதிரணி வலைக்குள் போனால் கோல் இல்லை, அவர்களுக்குக் கோல்விடுகை.

மயிலாடுதுறையிலிருந்து:

உதையைக் கைவிடுகிறேன். ஆனால் வரையறை சரியாக அமையாவிட்டால் சொல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. விடுகை எந்தக் கணத்தில் முடிகிறது? காலால் விடும்போது பந்து அசையாமல் கிடக்க வேண்டும். உதைபட்டுத் தெளிவாக நகர்ந்ததும் விடுகை முடிந்தது. காய்ந்து வெடித்த களிமண் களத்தில் பந்து வெடிப்பின் விளிம்பில் தானே உருளும். அது விடுகை ஆகாது, திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும்.

எதிரணி 3 மீட்டர் விலகி நிற்பதையும் இதே வரியில் சேருங்கள். வேகமாக நடப்பவர் ஒரு நொடிக்கு ஒன்றரை மீட்டர் போவார். 3 மீட்டரை இரண்டு நொடியில் கடந்துவிடுவார். விடுகை முடியுமுன் ஓர் அடி எடுத்து வைத்தாலும் விடுபவருக்குக் கிடைத்த நேரம் கரைந்துபோகும்.

அதிகம் தடுமாறும் இடம் ஒன்று பாக்கி. ஓரவிடுகைக்குப் பந்து வெளியே கிடக்கும்போது ஒருவர் ஓடிவிடுகிறார். ஓடியதற்கு ஈட்டுவிடுகை கொடுக்கலாமா? எட்டாம் விதிப்படி, பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடந்த தவறு விடுகையின் வகையை மாற்றாது. ஓடியவருக்கு எச்சரிக்கை, ஓரவிடுகை அப்படியே நிற்கும். 'விடுகை மாறாமை' என்று தனித் தலைப்பே போடலாம்.

கும்பகோணத்திலிருந்து:

போடுகிறேன் அண்ணா. 3 மீட்டர் விலகலுக்கு 'விலகுதூரம்' என்று எழுதியிருக்கிறேன். மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும் பெரியவர் ஒருவருக்கு விளக்கமில்லாமல் அது புரியுமா, 'தள்ளி நிற்கும் தூரம்' என்றே விடலாமா? மன்னார்குடி ஐயா சொல்லட்டும்.