சர்க்கரையில் உங்களுக்கு எந்த வகை? நடந்ததைச் சொல்லுங்க

காங்கேயத்துக்காரி:
ஒரு காதுகுத்து விருந்து. அக்கா மகளுக்கு டைப் 1, வயது 9. பந்தியில் உட்காரும் முன் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த பெரியாத்தா, "எனக்கும் சக்கரைதான் கண்ணு, மாத்திரையோட நிக்குது. உனக்கு எதுக்கு ஊசி?" என்றார். இவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "உங்களுக்கு இன்சுலின் ஊறுதுங்க ஆத்தா, சரியா வேலை செய்யறதில்லை. எனக்கு ஊறறதே இல்லீங்க" என்றாள். அதற்குப் பெரியாத்தா அக்காவிடம் திரும்பி, "வெளிய சொல்லிக்காதீங்க, நாளைக்குக் கட்டிக்குடுக்கோணும்" என்றாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பல்லடம் தறி:
எனக்கு 34 வயதில் வந்தது. வளர்ந்த ஆள்தானே, டைப் 2 என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஏறிக்கொண்டே போனது, ஆள் இளைத்துக்கொண்டே போனேன். கோயம்புத்தூரில் வேறு டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை, பெல்ட்டைப் பார்த்தார். "இதுல எத்தனை ஓட்டை நீங்களே போட்டது?" அப்புறம்தான் உடம்பு தன் கணையத்தையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஜிஏடி ஆன்டிபாடி டெஸ்ட், இன்சுலின் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் சி-பெப்டைட் டெஸ்ட். என் உடம்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மெதுவாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. லாடா என்கிறார்கள், வளர்ந்தவர்களுக்கு மெதுவாக வரும் டைப் 1 மாதிரி. இப்போது ஊசிதான்.

கவுந்தப்பாடி அப்பாரு:
எனக்கு டைப் 2. வெறும் வயிற்றில் 180 இருந்தது, நடந்து, சோற்றைக் குறைத்து 110க்கு வந்தேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் ஒன்று கேளுங்க. வெள்ளைச் சர்க்கரையை விட்டு எங்க ஊர் நாட்டுச்சர்க்கரைக்கு மாறுங்க. காலையில் கம்மங்கூழ், சாயந்திரம் ஆவாரம்பூத் தண்ணி. வாய்க்கால் மேட்டில் வெறுங்காலோடு நடங்க, செருப்பு ஆகாது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடாதீங்க. அந்தப் பாப்பாவுக்கும் இதையே பழக்குங்க, ஊசி தானாகக் குறையும். தறிக்காரத் தம்பியும் செய்து பார்க்கலாம்.

கோபி வாசகி:
அப்பாருங்க, கோவிச்சுக்காதீங்க. நாட்டுச்சர்க்கரையும் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். சர்க்கரையால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது. உங்கள் கணையம் இன்னும் சுரக்கிறது, அதனால் நடை கைகொடுத்தது. டைப் 1 பிள்ளைக்கு அந்தக் கணக்கு சேராது. எங்கள் வீதியில் கசாயத்தை நம்பி ஒரு பையனுக்கு ஊசியை நிறுத்திவிட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, வேக வேகமாக மூச்சு. ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தான், வாயில் அழுகிய பழ வாடை. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருந்தது. ஐசியூவில் வைத்துக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டது, "கசாயம் மிச்சம் இருக்குது, ஊத்திரட்டுமா?"

திருப்பூர் பனியன்:
சண்டைக்கு நடுவில் என்னுடையது. கர்ப்பத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் வாந்தி எடுத்துவிட்டாள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2 மணி நேரம் கழித்து 168. 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். பிரசவத்தோடு போய்விட்டது, ஆனாலும் பின்னாளில் டைப் 2 வர வாய்ப்பு அதிகம், விடாமல் பார்க்கச் சொல்கிறார்கள். மாமியார்தான், "போனதை எதுக்குத் தேடிட்டுப் போற?" என்கிறார்.

கவுந்தப்பாடி அப்பாரு:
செருப்புப் போட்டே நடக்கறேன் அம்மிணி. எங்க ஊர்ச் சர்க்கரையை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க.